நிரப்பப்படாத 17 பைட்டுகள்

கணினிகளைக் கம்பிவழி இணைக்கும் ஈதர்நெட்டில் செல்லும் எந்த ஃபிரேமும் (தரவைச் சுமக்கும் பொதி) 64 பைட்டுகளுக்குக் குறைவாக இருக்கக் கூடாது. பல கணினிகள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்ட காலத்தில், இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் நேரும் மோதலை அனுப்பி முடிப்பதற்குள் அவை உணர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காக வகுத்த விதி அது. தலைப்புக்கு 14, பிழைச் சோதனைக்கு 4 போக, உள்ளடக்கம் 46 பைட்டுகளாவது இருந்தாக வேண்டும்.

ஒரே ஒரு பைட் தரவைச் சுமந்துவரும் பிங் செய்தியோ (மறுமுனைக் கணினி பதிலளிக்கிறதா என்று சோதிப்பது), முகவரியைச் சொல்லும் ஐபி தலைப்பு 20, பிங்குக்கான ஐசிஎம்பி தலைப்பு 8 ஆகியவற்றைச் சேர்த்தாலும் 29 பைட்டுகள்தான். மீதி 17 பைட்டுகளைப் பூஜ்யங்களால் நிரப்ப வேண்டும் என்று 1984இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 894 கூறுகிறது.

நெட்வொர்க் கார்டை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்கள் பல அப்படிச் செய்யவில்லை என்பதை ஓஃபிர் ஆர்கின், ஜோஷ் ஆண்டர்சன் ஆகிய ஆய்வாளர்கள் 2003 ஜனவரியில் வெளிப்படுத்தினர். 'ஈதர்லீக்' எனப்படும் இக்குறைபாட்டுக்குப் பாதுகாப்புக் குறைபாடுகளின் பொதுப் பட்டியலில் உள்ள பதிவு எண் சிவிஇ-2003-0001. பிழை ஒரு வரிக்குள் அடங்கிவிடும்: செய்தியின் நீளம் குறைவாக இருந்தால், டிரைவர் நீளத்தைக் குறிக்கும் எண்ணை மட்டும் உயர்த்திவிட்டு, கூடுதலாகச் சேர்ந்த இடத்தில் எதையும் எழுதாமல் விட்டுவிடும். முன்பு எழுதியதை அழிக்காத சிலேட்டில் மேலே இரண்டு வரி எழுதி, அப்படியே அடுத்தவரிடம் நீட்டுவது போன்ற செயல் இது. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நினைவகத் துண்டு, டிரைவர் தனக்கென வைத்திருக்கும் இடையகத்தில் (தற்காலிக நினைவிடம்) எஞ்சிய பழைய ஃபிரேமின் வால்பகுதி, நெட்வொர்க் கார்டின் சொந்த நினைவகம் என, வெளியேறுவது எது என்பது டிரைவருக்கு டிரைவர் மாறுபட்டது.

நினைவகக் குறைபாடு என்றதும் எல்லையை மீறி எழுதுவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இங்கோ, எழுத வேண்டியதை எழுதாததே குற்றம். தாக்குபவர் கடவுச்சொல் எதையும் உடைக்க வேண்டியதில்லை. ஒரு பைட் பிங்குகளைத் தொடர்ந்து அனுப்பி, பதில்களின் வாலைச் சேகரித்தால் போதும். பெறும் கணினி ஐபி தலைப்பிலுள்ள நீளத்தை மட்டுமே நம்பி மீதியைத் தள்ளிவிடுவதால், இக்கசிவு யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. ரவுட்டர் பழைய ஃபிரேமைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டுவதால், தாக்குபவர் அதே உள்ளூர் நெட்வொர்க்கில் இருந்தாக வேண்டும் என்பது ஓர் ஆறுதல்.

இதற்குத் தீர்வாக, குறுகிய பொதியைப் பூஜ்யமிட்டு நீட்டும் பொதுவான செயல்கூறு ஒன்று லினக்ஸ் கெர்னலில் சேர்க்கப்பட்டு, டிரைவர்கள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. ஆயினும், 2021 ஜனவரியில் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் நிறுவனம், நெட்வொர்க்கைக் காக்கும் தன் ஃபயர்வால்கள் சிலவற்றில் இதே கசிவு இருப்பதாக அறிவித்தது.