சுருளா, சுழலா?

ஓர் ஓவியக் கண்காட்சிக் கையேட்டில், அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறை வாசலில் இருக்கும் கல்லை 'சுழல்கள் செதுக்கிய பாறை' என்று போட்டிருந்தார்கள். ஐயாயிரம் ஆண்டுப் பழமையான கல். அதில் எது சுழல்கிறது? ஸ்பைரல் (spiral) என்ற ஆங்கிலச் சொல்லைச் 'சுழல்' ஆக்குவதை இந்த மாதத்தில் மட்டும் மூன்றாவது முறையாகப் பார்க்கிறேன்.

ஸ்பைரல், கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்த சொல். சுருண்டு கிடப்பது என்று பொருள், அவ்வளவுதான். நம்மிடம் சுருள் இருக்கிறது. சுருங்கு, சுருக்கு, சுருட்டு எல்லாம் அதன் உறவுதான். (சுருட்டு ஆங்கிலத்துக்கே போய் 'செரூட்' ஆகிவிட்டது.)

சுழல் என்றால் அசைவு. சுழல் நாற்காலி, சுழற்பந்து, சுழல் விளக்கு என எதுவும் சும்மா இருக்காது. ஆற்றுச் சுழல் ஆளையே இழுக்கும். 'சுழல் படிக்கட்டு' என்று எழுதுகிறவர் அதில் ஏறிப் பார்க்கட்டும், சுற்றுவது படியா தன் தலையா என்று.

சுருள் என்றால் உருளை வடிவமாயிற்றே, பாய்ச்சுருள் மாதிரி என்று நண்பர் ஒருவர் மடக்கினார். சரி, பாயைச் சுருட்டி நிமிர்த்தி வைத்து மேலிருந்து பாருங்கள். அப்புறம் கடைக்குப் போய் 'கொசுவர்த்திச் சுழல்' என்று கேட்டுப் பாருங்கள்.

இது வெறும் சொல் சண்டை இல்லை. நியூசிலாந்தின் மாவோரிக் கலையில் 'கோரு' என்றொரு வடிவம் உண்டு. சுருள் விரியும் பெரணிக் குருத்துதான் அது. புது உயிர், வளர்ச்சி என்று பொருள் கொள்கிறார்கள். சுருண்டது விரியும். சுழல் எப்படி விரியும்? மொழிபெயர்ப்பு தவறினால் வடிவத்தின் பொருளும் போய்விடும். தனித்தமிழ் வேண்டும் என்று 'சுருளி' எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்; எனக்கு அது தேனிப் பக்கத்து அருவிதான்.

ரோமில் கி.பி. 113இல் எழுப்பிய டிராஜன் தூணைச் சுற்றி மேலேறும் சிற்பப் பட்டையையும் ஸ்பைரல் என்கிறார்கள். அது திருகு. ஆங்கிலம் குழப்பினால் நாமும் குழம்ப வேண்டுமா? வலம்புரிச் சங்குக்குப் 'புரி' என்று தனிச்சொல்லே வைத்த மொழி இது.

சுழல் பொருந்தும் இடமும் உண்டு. வான்கோ 1889இல் வரைந்த 'விண்மீன் இரவு' ஓவியத்தில் வானமே கலங்கிச் சுற்றுகிறது. அந்தக் கையேட்டில் அதற்கு மட்டும் 'வளைகோடுகள்' என்று போட்டிருக்கிறார்கள்.