தொண்டையைக் கழற்றி வைத்த குரல்

கிராஃப்ட்வெர்க் குழுவின் பாடல்களை அண்மையில் கேட்கத் தொடங்கிய கல்லூரி மாணவர் ஒருவர், அவற்றில் ஒலிக்கும் எந்திரக் குரல் கணினி பாடியதா, அல்லது மனிதர் பாடியதைக் கணினி மாற்றித் தந்ததா என்று எழுதிக் கேட்டிருந்தார். அந்தக் குரல் முதன்முதலாக அவர்களுடைய இசைத்தட்டில் ஏறியது 1973இல். அதில் கணினிக்கு வேலையே இல்லை. ஒரு மனிதர் ஒலிவாங்கியின் முன் வாயசைத்துப் பேசியிருக்கிறார். தொண்டை செய்ய வேண்டிய வேலையை மட்டும் ஓர் இசைக்கருவி ஏற்றுக்கொண்டிருக்கிறது. எந்திரம் மனிதனைப் போல் பேச முயன்றதன் விளைவு அது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் மனித நாக்கும் உதடும்தான் செதுக்கின என்பதே எனக்கு அந்தக் குரலில் மிகவும் பிடித்த செய்தி.

கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் சொல்லுக்கு மின்நிலையம் என்று பொருள். 1970இல் டுசல்டோர்ஃப் நகரில் இதைத் தொடங்கியவர்கள் ரால்ஃப் ஹூட்டர், ஃபுளோரியன் ஷ்னைடர் என்ற இரு இளைஞர்கள். பின்னர் நால்வர் குழுவாக உலகப் புகழ் பெற்றாலும், 1973இல் வெளியான இசைத்தட்டு இவர்கள் இருவரின் உழைப்பில் உருவானது. அதன் பெயரே ‘ரால்ஃபும் ஃபுளோரியனும்’ என்பதுதான். ஷ்னைடரின் தந்தை, கொலோன்-பான் விமான நிலையத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் பால் ஷ்னைடர்-எஸ்லேபன். மகன் கையில் எடுத்தது புல்லாங்குழல். ஹூட்டருக்கு விசைப்பலகை. போருக்குப் பின் பிறந்த தலைமுறையைச் சேர்ந்த இவர்களுக்கு, வானொலியில் ஒலித்த ஆங்கில, அமெரிக்க ராக் இசையைப் பின்பற்றுவதில் நிறைவு இருக்கவில்லை. தாங்கள் வாழ்ந்த தொழில்நகரத்தின் ஓசையையும் தங்கள் மொழியின் உச்சரிப்பையும் இசையாக்க விரும்பினார்கள். அமெரிக்காவின் பீச் பாய்ஸ் குழுவின் இசையும், பக்கத்து ஊரான கொலோனில் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் செய்துகொண்டிருந்த மின்னணு இசைச் சோதனைகளும் அவர்களை ஈர்த்தன. அந்தக் கொலோன் தொடர்பு வழியாகத்தான் நம் கதை அமெரிக்கத் தொலைபேசி ஆய்வுக்கூடம் ஒன்றுக்குப் போகிறது. போவதற்கு முன் நம் குரலையே சற்று ஆராய்ந்துவிடுவோம்.

கழுத்தின் முன்புறத்தில் விரலை வைத்துக்கொண்டு ‘ஆ’ என்று நீட்டிச் சொல்லிப் பாருங்கள். விரலில் அதிர்வு தெரியும். இப்போது அதே ‘ஆ’வை ரகசியம் பேசுவதுபோல் கிசுகிசுத்துச் சொல்லுங்கள். அதிர்வு நின்றுவிடுகிறது, ஆனாலும் அது ‘ஆ’ என்றே கேட்கிறது. கிசுகிசுப்பிலேயே ‘ஈ’, ‘ஊ’ என்று மாற்றினாலும் அருகில் இருப்பவர் தவறாமல் புரிந்துகொள்வார். ஆகவே, எந்த எழுத்து என்பதைத் தீர்மானிப்பது தொண்டையின் அதிர்வு அல்ல; வாயின் வடிவம். பள்ளியில் எழுத்துகளின் பிறப்பைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று: உள்ளிருந்து எழும் காற்று கழுத்து, மார்பு முதலிய இடங்களில் பொருந்தி, பல், இதழ், நாக்கு, அண்ணம் ஆகியவற்றின் முயற்சியால் வெவ்வேறு எழுத்தாகிறது என்று நம் இலக்கணம் இடத்தையும் முயற்சியையும் வேறுவேறாகவே சொல்லித் தந்திருக்கிறது.

இயற்பியல் மொழியில் சொன்னால், குரல்நாண்கள் ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 100 முறையும் பெண்களுக்குச் சுமார் 200 முறையும் திறந்து மூடி, ஒரு ரீங்காரத்தை எழுப்புகின்றன. அந்த ரீங்காரத்தில் 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 அதிர்வு) மட்டுமன்றி 200, 300, 400 என்று அதன் மடங்குகளான மேற்சுரங்கள் அனைத்தும் அடங்கியுள்ளன. தொண்டைக்கு மேலே உள்ள வாய்க்குழி, தன் வடிவத்துக்கு ஏற்ற சில அதிர்வெண்களை ஒத்ததிர்வால் ஓங்கச் செய்து, மற்றவற்றைத் தாழ்த்துகிறது. ‘ஆ’ என்னும்போது 700 ஹெர்ட்ஸ், 1100 ஹெர்ட்ஸ் பகுதிகள் ஓங்குகின்றன; ‘ஈ’ என்னும்போது அவை 300க்கும் 2300க்கும் நகர்ந்துவிடுகின்றன.

கர்நாடக இசைக் கச்சேரியில் மோர்சிங் வாசிப்பவரை அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கமே தேவைப்படாது. அந்தக் கருவியின் உலோக நாக்கு எழுப்புவது ஒரே ஒரு சுருதி. அதைப் பல்லில் பொருத்தி விரலால் மீட்டிக்கொண்டே, வாசிப்பவர் வாய்க்குழியைச் சுருக்கியும் விரித்தும் மூச்சை இழுத்தும் விட்டும், மிருதங்கத்தின் சொற்கட்டுகளை ஏறத்தாழப் பேசிக் காட்டுகிறார். ஒலியைத் தருவது இரும்பு, சொல்லைத் தருவது வாய். நான் சொல்லப்போகும் மின்கருவியின் முழுத் தத்துவமும் இந்தச் சிறு இரும்பு வளையத்துக்குள் இருக்கிறது.

1928இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் ஹோமர் டட்லி என்ற பொறியாளர் சிந்தித்துக்கொண்டிருந்தது பாட்டைப் பற்றியல்ல, சிக்கனத்தைப் பற்றி. அட்லாண்டிக் கடலுக்கடியில் தந்திக் கம்பிகள் கிடந்தன. அவற்றால் மிகக் குறுகிய அதிர்வெண் பட்டையை மட்டுமே கடத்த முடியும். பேச்சுக்கோ 3000 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். டட்லிக்குத் தோன்றிய எண்ணம் இதுதான்: ஒலி நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிர்ந்தாலும், அதைச் சொல்லாக வடிக்கும் நாக்கும் உதடும் அவ்வளவு வேகமாக அசைவதில்லை, நொடிக்குச் சில முறைதான் இடம் மாறுகின்றன. அப்படியானால் ஒலியை ஏன் அனுப்ப வேண்டும்? வாயின் அசைவை மட்டும் குறிப்பெடுத்து அனுப்பினால் போதாதா?

இதற்காக அவர் உருவாக்கியதே வோகோடர். அனுப்பும் முனையில், ஒலிவாங்கியில் நுழையும் பேச்சு, அருகருகே வைக்கப்பட்ட பத்து வடிப்பான்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. ஒவ்வொரு வடிப்பானும் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸ் அகலமுள்ள தன் பட்டையை மட்டும் உள்ளே விடும். அதன் பின்னுள்ள மின்சுற்று, அந்தப் பட்டையில் இந்தக் கணத்தில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்பதை அளந்து, மெதுவாக ஏறி இறங்கும் ஒரு மின்னழுத்தமாக மாற்றுகிறது. அந்த மின்னழுத்தத்தைக் கடத்த 25 ஹெர்ட்ஸ் அகலம் போதும். பத்துப் பட்டைகளுக்கும் சேர்த்து 250. தொண்டை அதிர்கிறதா, அதிர்ந்தால் எந்தச் சுருதியில் என்று தெரிவிக்கும் தனிக் குறிப்புக்கு இன்னும் சிறிது. 3000 ஹெர்ட்ஸ் தேவைப்பட்ட பேச்சு சுமார் 300 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிட்டது.

பெறும் முனையில் நடப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை. பேசியவரின் ஒலியில் ஒரு துளிகூட அங்கே வந்து சேர்வதில்லை. அங்கே காத்திருப்பவை இரண்டு: தொண்டைக்குப் பதிலாக ரீங்காரம் எழுப்பும் ஒரு மின்சுற்று, ‘ஸ்’, ‘ஃ’ போன்ற ஒலிகளுக்காகச் சீறும் ஓர் இரைச்சல் மின்சுற்று. தொண்டை அதிர்கிறது என்று குறிப்பு வந்தால் ரீங்காரமும், இல்லை என்று வந்தால் இரைச்சலும், முன்போலவே அமைந்த பத்து வடிப்பான்களுக்குள் செலுத்தப்படுகின்றன. வந்துசேரும் பத்து மின்னழுத்தங்களும் பத்துக் கைகள்போல் அந்தந்தப் பட்டையின் ஒலியளவைக் கூட்டியும் குறைத்தும் விடுகின்றன. உருவின்றி ஒலித்துக்கொண்டிருந்த ரீங்காரம் அந்தக் கணமே ‘ஆ’ என்றும் ‘ஈ’ என்றும் உருக்கொள்கிறது. அங்கே இல்லாத ஒரு வாயின் நிழல், அங்கே இருக்கும் ஒலியின் மேல் விழுகிறது.

போர்க்காலத்தில் இந்தச் சிக்கனமே ரகசியம் காக்கவும் உதவியது. 1943 ஜூலையில் வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் இடையே இயங்கத் தொடங்கிய சிக்சாலி என்ற தொலைபேசி அமைப்பு, வோகோடர் தந்த மின்னழுத்தங்களை எண்களாக்கி, இசைத்தட்டில் பதிந்து வைத்த இரைச்சலோடு கலந்து அனுப்பியது. இரு முனைகளிலும் ஒரே மாதிரியான தட்டுகள் துல்லியமாக ஒரே நேரத்தில் சுழன்றால்தான் பேச்சு புரியும். பயன்படுத்திய தட்டுகள் அழிக்கப்பட்டன. ஒரு முனையின் எடை மட்டுமே சுமார் 50 டன்.

போர் முடிந்து 1948இல் டட்லி ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது, அங்கிருந்த இயற்பியலாளர் வெர்னர் மேயர்-எப்ளருக்கு வோகோடரைக் காட்டினார். அதைக் கேட்ட மேயர்-எப்ளர், தொலைபேசிக்காகப் பிறந்த கருவியில் இசையின் எதிர்காலத்தைக் கண்டுகொண்டார். அடுத்த ஆண்டே மின்முறையில் ஒலி உண்டாக்குவது பற்றி நூல் எழுதினார். கொலோன் வானொலி நிலையத்தில் மின்னணு இசைக்கூடம் அமையக் காரணமானவர்களில் ஒருவரானார். பான் நகரில் அவரிடம் ஒலியியல் பாடம் கேட்டவர்தான் ஸ்டாக்ஹவுசன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. பெல் ஆய்வுக்கூடத்தின் செலவைத் தொலைபேசி வாடிக்கையாளர்கள் செலுத்திய கட்டணம் தாங்கியது; கொலோன் இசைக்கூடத்தின் செலவை வானொலி உரிமக் கட்டணம் தாங்கியது. கடலடிக் கம்பியின் சிக்கனத்துக்காகத் தொடங்கிய ஆராய்ச்சி 45 ஆண்டுகள் கழித்து ஒரு புல்லாங்குழல் கலைஞரின் கைக்கு வந்து சேரும் என்று எந்த நிதிக்குழுவிடமும் யாராலும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. மூன்றே ஆண்டுகளில் என்ன பயன் கிடைக்கும் என்று ஒவ்வோர் ஆய்வுத் திட்டத்திடமும் கேட்கும் வழக்கம் நம் பல்கலைக்கழகங்களில் வலுத்து வருவது எனக்குக் கவலை தருகிறது. ஒலியியலுக்கென ஒரு நல்ல ஆய்வுக்கூடமேனும் ஒவ்வொரு பெரிய பல்கலைக்கழகத்திலும் இருக்க வேண்டும் என்பதும், அதன் கதவு இசைக் கல்லூரி மாணவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

டுசல்டோர்ஃபுக்குத் திரும்புவோம். ஷ்னைடர் தம் புல்லாங்குழலின் ஒலியை மின்கருவிகளுக்குள் செலுத்திப் பழகியிருந்தவர். மூச்சு வேறு, அதற்கு வடிவம் தரும் துளை வேறு என்பது குழல் வாசிப்பவரின் விரலுக்கே தெரிந்த உண்மை. அதனால்தானோ என்னவோ, எந்திரப் பேச்சின் மீது அவருக்கு இருந்த ஈடுபாடு கடைசிவரை குறையவில்லை. 1973ஆம் ஆண்டு இசைத்தட்டில் உள்ள ‘அனனாஸ் சிம்ஃபனி’ என்ற இசையில் முதன்முதலாக வோகோடர் குரல் கேட்கிறது. அடுத்த ஆண்டு ‘ஆட்டோபான்’ வந்தது. நெடுஞ்சாலைப் பயணத்தை 22 நிமிடங்களுக்கு மேல் இசையாக விரிக்கும் அந்தப் படைப்பு, காரின் கதவு சாத்தப்படும் ஓசையோடும் எந்திரம் உயிர்பெறும் ஓசையோடும் தொடங்குகிறது. அதைத் தொடர்ந்து ‘ஆட்டோபான்’ என்ற ஒற்றைச் சொல்லை உச்சரிப்பது வோகோடர்தான். 1975இல் அந்த இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம்வரை ஏறியது.

இசைக்காரர்கள் டட்லியின் கருவியில் செய்த மாற்றம் ஒன்றே ஒன்றுதான். பேசுபவரின் சுருதியைத் தெரிவிக்கும் குறிப்பைப் புறக்கணித்துவிட்டு, ரீங்காரச் சுற்று இருந்த இடத்தில், விசைப்பலகையால் இயங்கும் மின்னணு இசைக்கருவியான சிந்தசைசரை இணைத்தார்கள். இப்போது சொல்லை வாய் தருகிறது, சுரத்தை விரல் தருகிறது. விசையை அழுத்தாமல் எவ்வளவு பேசினாலும் மௌனம். பேசாமல் எத்தனை விசைகளை அழுத்தினாலும் மௌனம். இரண்டும் சேரும் கணத்தில் மட்டுமே குரல் பிறக்கிறது. மூன்று விசைகளை ஒருசேர அழுத்தினால் ஒரே வாய் மூன்று சுரங்களில் பாடும். அந்தக் குரல் உணர்ச்சியற்றதுபோல் ஒலிப்பதன் காரணமும் இதில்தான் இருக்கிறது: நம் தொண்டை ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சற்றே வழுக்கி, நடுங்கி, கமகத்தோடு நகரும், விசைப்பலகையோ படி ஏறுவதுபோல் தாவும்.

எந்த ஒலியைக் கொடுத்தாலும் கருவி பேசிவிடாது. புல்லாங்குழலைப் போன்று மேற்சுரங்கள் குறைந்த ஒலியைச் செலுத்தினால், பெரும்பாலான வடிப்பான்களுக்கு வேலையே கிடைக்காது; செதுக்கக் கல் இல்லாத சிற்பியின் நிலைதான். ஆகவே எல்லா மேற்சுரங்களும் நிறைந்த ரம்பப்பல் அலையைப் பயன்படுத்துகிறார்கள். சுரமும் தாழ்ந்திருக்க வேண்டும். 100 ஹெர்ட்ஸ் சுரத்தில் 3000 ஹெர்ட்ஸுக்குள் 30 மேற்சுரங்கள் நெருங்கி நிற்கின்றன, வாயின் வடிவம் தெளிவாகப் பதிகிறது. 500 ஹெர்ட்ஸ் சுரத்திலோ ஆறுதான். அவற்றின் இடைவெளிகளில் எழுத்து தொலைந்துவிடுகிறது. மிக உச்ச சுரத்தில் பாடும்போது பாடல் வரிகள் நமக்குப் புரியாமல் போவதற்கும் இதே கணக்குதான் காரணம்.

டுசல்டோர்ஃப் ரயில் நிலையத்துக்கு அருகே மின்ட்ராப் தெருவில், ‘கிளிங் கிளாங்’ என்று பெயரிட்ட தங்கள் சொந்த இசைக்கூடத்தில், இருவரும் தங்களை இசைத் தொழிலாளர்கள் என்றே அழைத்துக்கொண்டு உழைத்தார்கள். கடையில் கிடைக்காத கருவிகளைச் செய்வித்துக்கொண்டார்கள். பாடல் ஒவ்வொன்றும் ஒரு பொருளைச் சுற்றியே அமைந்தது: நெடுஞ்சாலை, வானொலி, 1977இல் ஐரோப்பிய விரைவு ரயில், 1978இல் மனித எந்திரம். 1982இல் நியூயார்க்கின் ஹிப்ஹாப் கலைஞர் ஆஃப்ரிக்கா பம்பாட்டா அந்த ரயில் பாடலின் மெட்டைத் தம் பாடலில் எடுத்தாண்டபோது, டுசல்டோர்ஃபின் இசை ஹிப்ஹாப்பின் அடித்தளத்திலும் சேர்ந்துகொண்டது.

1981இல் அவர்கள் கணினியைப் பொருளாகக் கொண்டு வெளியிட்ட இசைத்தட்டில், வோகோடரோடு டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் பேசும் மொழிபெயர்ப்புக் கருவியும் குரல் கொடுத்தது. உள்ளங்கையளவு கருவியைப் பேசவைத்த அந்தக் கணக்கு முறைக்குப் பெல் ஆய்வுக்கூடத்தில் வழிவகுத்தவர், கான்பூரில் பிறந்து பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பயின்ற பிஷ்ணு அட்டல். ஜப்பானில் ஃபுமிடாடா இட்டகுராவும் தனியாக இதே வழியை எட்டியிருந்தார். பத்து வடிப்பான்களுக்குப் பதிலாக, ஒலியலையின் அடுத்த புள்ளியை அதற்கு முந்தைய சில புள்ளிகளிலிருந்து ஊகிக்கும் சுமார் பத்து எண்களால் வாயின் வடிவத்தை விவரிக்கலாம் என்பதே அந்த முறை.

ஜிஎஸ்எம் என்ற டிஜிட்டல் முறையில் இயங்கிய கைபேசிகளில் முதலில் பயன்பட்ட பேச்சுச் சுருக்க முறையும் இதன் வழித்தோன்றலே. அது பேச்சை நொடியின் ஐம்பதில் ஒரு பங்காக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் தொண்டையின் பங்கையும் வாயின் பங்கையும் தனித்தனியே பிரித்து, 260 பிட்டுகளுக்குள் அடக்கி அனுப்புகிறது. ஷ்னைடர் 2020 ஏப்ரலில் மறைந்த செய்தியைப் பலரும் ஒருவருக்கொருவர் கைபேசியில் சொல்லிக்கொண்டபோதும், அவர்களுடைய குரல்கள் அப்படித்தான் பிரிந்து போய், மறுமுனையில் மீண்டும் சேர்ந்து ஒலித்தன.