சிவப்பு அடையாள அட்டையுடன் வாழும் முதியோரின் குடியுரிமை: அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு சொல்வது என்ன?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்து வீட்டில் பிறந்து, ரப்பர் பால்மரம் வெட்டி, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்ட பின்னும் சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் முதியவர்கள் உள்ளனர். அந்த அட்டை குறிக்கும் நிரந்தரவாசி என்ற தகுதியில் அவர்கள் வாக்களிக்க முடியாது. மலேசியக் கடப்பிதழ் பெற முடியாது. குடிமக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட முதியோர் உதவித்தொகைக்கும் மனுச் செய்ய முடியாது. ஆனால், சுதந்திர நாளான 1957 ஆகஸ்டு 31க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை கேட்கும் உரிமையைக் கூட்டரசு அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு தருகிறது. அது யாரும் மனமிரங்கிக் கொடுக்கும் சலுகை அன்று என்பதை முதலில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவர்களிடம் பத்திரங்கள் இல்லாமற்போனது இவர்களின் அலட்சியத்தால் என்று எண்ணுவது பெரும் அநீதி. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது முதல் 1945 ஆகஸ்டு வரை தோட்டங்களின் நிர்வாகம் நிலைகுலைந்து கிடந்தது. துரைமார்கள் வெளியேறினர், சம்பளமும் அரிசியும் நின்றன, மரவள்ளிக்கிழங்கே சாப்பாடானது. ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குத் தோட்டத்துத் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டனர். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டவர்களுள் பெரும்பாலோருக்கு மரணச் சான்றிதழ்கூட எழுதப்படவில்லை. தகப்பன் திரும்பி வராத வீட்டில் பிள்ளையின் பிறப்பைப் பதிய யார் போயிருப்பார்கள்? அக்காலத்துப் பத்திரம் கையில் இருந்தாலும் அதில் ஆண்டு 2602, 2603 என்று இருந்தால் மிரள வேண்டாம். அது ஜப்பானியர் புழக்கத்தில் விட்ட ஆண்டுக் கணக்கு. அதிலிருந்து 660ஐக் கழித்தால் முறையே 1942, 1943 என வரும்.

காயம் ஆறுவதற்குள் அடுத்தது வந்தது. 1948 ஜூன் 16இல் இதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. சிதறிக் கிடந்த லயங்கள் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. 12 வயதை எட்டியவர்களுக்கு அடையாள அட்டை வழங்கப்பட்டது. அந்த அட்டை ஆளை அடையாளம் காட்டியதே அன்றிக் குடியுரிமை தரவில்லை. சுதந்திரத்தை ஒட்டி ஓராண்டுக் காலம் மலாய் மொழித் தகுதி கேட்கப்படாமலேயே விண்ணப்பிக்க வழி இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத, எடுத்துச் சொல்ல ஆளில்லாத பல குடும்பங்கள் அதைத் தவறவிட்டன. பின்னர், பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடலில், தொழிலாளரின் பெயரும் வருகையும் பதியும் செக்ரோல் ஏடுகளும் கைமாறித் தொலைந்தன. சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டங்களை வாங்கிப் பலரின் வேலையையும் வீட்டையும் காத்தது. குடியுரிமையோ அவரவர் தனித்தனியே மனுச் செய்து பெற வேண்டியதாகவே இருந்தது.

16ஆவது பிரிவின் நிபந்தனைகள் கடினமானவை அல்ல. விண்ணப்பதாரர் சுதந்திரத்திற்கு முன் கூட்டரசில் பிறந்தவராக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஏழு ஆண்டுகளில் மொத்தம் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் இங்கு வசித்திருக்க வேண்டும். நிரந்தரமாக இங்கேயே வாழும் எண்ணமும் நன்னடத்தையும் வேண்டும். மலாய் மொழியில் தொடக்கநிலை அறிவு வேண்டும். இந்தியாவில் பிறந்து கைக்குழந்தையாக வந்தவர்களுக்கு உரியது 19ஆவது பிரிவு. அதன்படி 12 ஆண்டுகளில் 10 ஆண்டு வசிப்பைக் காட்ட வேண்டும், மொழித் தேர்ச்சியும் கூடுதலாகத் தேவைப்படும், முடிவும் அரசின் விருப்பத்திற்கு உட்பட்டது. ஆகவே, இங்கே பிறந்தவர் 19இன் கீழ் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது கையில் உள்ள உரிமையை விட்டுவிடுவதாகும். பிறப்பு, அடையாள அட்டை, குடியுரிமைப் பதிவுகளைக் கவனிக்கும் தேசியப் பதிவிலாகாவின் முகப்பிடத்தில் 16ஆவது பிரிவு என்று சொல்லியே கேளுங்கள்.

பிறந்த இடத்தை நிறுவுவதுதான் உண்மையான சிரமம். முதலில் அடையாள அட்டை எண்ணைப் பாருங்கள்: பிறந்த தேதிக்கான ஆறு இலக்கங்களை அடுத்து வரும் இரண்டும் பிறந்த மாநிலத்தைக் குறிப்பவை. 08 என்றால் பேராக், 10 என்றால் சிலாங்கூர், 05 என்றால் நெகிரி செம்பிலான். சிவப்பு அட்டையில் 08 இருக்குமானால், பேராக்கில் பிறந்தவர் என்று பதிவிலாகாவின் ஏட்டிலேயே குறிக்கப்பட்டுள்ளது என்று பொருள். அதை எடுத்துக்காட்டி மூலப் பதிவைத் தேடச் சொல்லலாம். அதோடு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவு, 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியின் பழைய கணக்கு, உடன்பிறந்தவர்களின் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றையும் திரட்டுங்கள். பிறப்பை நேரில் அறிந்த மூத்தவர் எவரேனும் இருந்தால், அவரிடம் சத்தியப் பிரமாணப் பத்திரம் வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தத் தலைமுறை நம்மோடு அதிக நாள் இருக்கப்போவதில்லை.

1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடிவு வரை இங்கே பிறந்தவர்கள், வெகுசில விதிவிலக்குகள் நீங்கலாக, பெற்றோரின் தகுதி எதுவாயினும் சட்டப்படியே குடிமக்கள். அவர்களுக்கு வேண்டியது பிறப்புக்கான சான்று. பிள்ளைகளின் மனுவில் பெற்றோரின் திருமணம் பற்றிக் கேள்வி எழுந்தால், 1982 மார்ச் 1க்கு முன் கோயிலில் வழக்கப்படி நடந்த திருமணம் பதியப்படாமல் இருந்தாலும் சட்டப்படி செல்லும் என்பதை எடுத்துக் கூறலாம்.

16ஆவது பிரிவின் கீழான மனு ஏற்கப்பட்டதும் 18ஆவது பிரிவின்படி விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் பதிவு நிறைவேறாது என்பதால், நடமாட முடியாத முதியவர்களின் பிள்ளைகள் அந்த நாளுக்கான ஏற்பாட்டை முன்கூட்டியே பதிவிலாகாவிடம் பேசி வைக்க வேண்டும்.