முதலில் நடுங்கியது எது?

திருகோணமலையில் நான் படிப்பிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் போன வருடம் வலிப்பு வந்தது. யாரோ ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்து வந்து அவள் கையில் திணித்தார்கள். இரண்டு நிமிடத்தில் வலிப்பு நின்றது. "பாத்தீங்களா டீச்சர், இரும்பு பிடிச்சதும் நிண்டிட்டுது!" பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தாமாகவே நின்றுவிடும், அதனால்தான் சாவிக்கு இவ்வளவு பெயர். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாய்க்குள் எதையும் திணிக்காமல், நேரத்தைப் பார்த்தால் போதும். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி.

தெளிந்ததும் அவள் சொன்னதுதான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது. "முதல்ல வயித்துக்குள்ள இருந்து ஏதோ மேல எழும்பி வந்துது டீச்சர்."

வயிற்றில் ஒன்றுமில்லை. காதுக்கு உட்புறமாக, மூளையின் ஆழத்தில் தொடங்கும் வலிப்புகளில் பலருக்கும் இப்படித்தான் தோன்றும். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குளிசைகளால் அது கட்டுப்படுவதில்லை. தொடங்கும் இடம் ஒன்றாகவும், எடுத்தால் பேச்சு, நினைவு, கை கால் அசைவு கெடாத இடமாகவும் இருந்தால், சத்திரசிகிச்சையில் அதை அகற்றலாம். ஆனால் இடம் துல்லியமாகத் தெரிய வேண்டும்.

ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார், 1929இல் வெளியிட்டார். இன்றைய ஈஈஜியும் அதே வேலைதான். தலைத்தோலில் இருபது வரையான மின்வாய்களை ஒட்டி அலைகளைப் பதிவார்கள். அங்கே வழக்கமாகக் கிடைக்கும் மின்னழுத்தம் 100 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு, அதாவது ஒரு வோல்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கோணேசர் கோவில் திருவிழாவன்று, கோவில் இருக்கும் பிரெட்ரிக் கோட்டையின் மதிலுக்கு வெளியே நிற்கிறீர்கள் என்று வையுங்கள். உள்ளே ஒவ்வொருவரும் பேசுவது கேட்காது. எல்லோரும் ஒரே குரலில் "அரோகரா" என்றால் கேட்கும். மண்டையோடு அந்த மதில் போன்றது. மூளைப் புறணியில், அதாவது மூளையின் மேற்படையில், ஏறக்குறைய 10 சதுர சென்ரிமீற்றர் பரப்பிலுள்ள நரம்புக்கலங்கள் ஒன்றாகத் துடித்தால்தான் கூர்முனை அலையொன்று வெளியே தெளிவாகத் தெரியும். ஆழத்தில் சிறு இடமொன்று தொடங்கிவைத்தது தெரியாமலே போகலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. மேலே பதிவாகும் ஒரே கோலத்தை உள்ளேயுள்ள வெவ்வேறு மூலங்கள் உண்டாக்க முடியும். பௌதிகவியலில் இதை ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853இலேயே காட்டிவிட்டார். ஆகவே கணினி காட்டும் இடம் எப்போதும் ஓர் ஊகம்தான். எம்ஆர்ஐ படமும் வலிப்பின் வீடியோவும் அந்த ஊகத்தைச் சுருக்கித் தருகின்றன.

அப்போதும் தெளியாவிட்டால் மதிலுக்கு உள்ளேயே போக வேண்டியதுதான். பாரிஸில் தலைராக், பாங்கோ என்ற இரு வைத்தியர்கள் வளர்த்தெடுத்த முறை இது. மண்டையோட்டில் சிறு துளைகளிட்டு, ஒரு மில்லிமீற்றரிலும் மெல்லிய கம்பிகளை மூளைக்குள் செலுத்துவார்கள். ஒவ்வொரு கம்பியிலும் அலைகளைப் பதியும் பல தொடுபுள்ளிகள் இருக்கும். பிறகு வலிப்பு வரும்வரை நாட்கணக்கில் காத்திருப்பார்கள். வலிப்பைத் தடுக்கத்தானே ஆஸ்பத்திரி? இங்கே குளிசையைக் குறைத்து, அது வர இடம்விட்டு, பக்கத்திலேயே ஆட்கள் இருந்து கவனிக்கிறார்கள். அந்த நாட்களைக் கடக்கும் நோயாளிகளின் துணிவை நினைத்தால் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

வலிப்பு வந்ததும் திரையில் மலைபோல் பெரிய அலைகள் எழும். கண் அங்கேதான் போகும். ஆனால் பல நேரங்களில் அது வலிப்பு பரவிச் சேர்ந்த இடம். அதற்குச் சில விநாடிகள் முன்னால், வேறொரு தொடுபுள்ளியில் உயரம் குறைந்த, மிக வேகமான ஒரு நடுக்கம் தெரியும். கோடு கொஞ்சம் தடித்தது போலத்தான் இருக்கும். தேடுவது அதைத்தான்.

அதிலும் ஏமாற இடமுண்டு. கம்பி இல்லாத இடத்தைப் பற்றி கம்பிகளுக்கு ஒன்றும் தெரியாது. வேறெங்கோ தொடங்கி இங்கே வந்து சேர்ந்ததும் "முதல்" போலவே பதிவாகும். இதைப் பிடிக்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. பதிவில் மாற்றம் தெரியும் முன்பே நோயாளிக்கு அறிகுறி வந்துவிட்டதா? கை முதலில் இழுத்து, அலை அதற்குப் பிறகு மாறினால் உண்மையான தொடக்கம் வேறிடத்தில் இருக்கிறது. வைத்தியர்கள் வீடியோவையும் அலைகளையும் விநாடி விநாடியாக ஒப்பிடுவது இதற்காகத்தான்.

இதனால்தான் வீட்டார் கண்டதும் பிள்ளை சொல்வதும் இவ்வளவு முக்கியம் என்கிறேன். இடது கையில் மட்டும் துடிப்பு தொடங்கினால் மூளையின் வலப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து இழுக்கும் கட்டத்தில் அந்தத் தடயம் மறைந்துவிடும். முதல் சில விநாடிகளைக் கவனித்தவர் வீட்டில் இருப்பவர்தான்.

என் மாணவிக்குக் குளிசையிலேயே நன்றாகக் குறைந்திருக்கிறது. அவளுடைய அம்மா ஒரு கொப்பியில் எழுதி வருகிறார்: எத்தனை மணி, வயிற்றில் எழும்பியதா, எந்தக் கை முதலில், கண் எந்தப் பக்கம் திரும்பியது. கிளினிக் நாளில் அந்தக் கொப்பியும் போகிறது.