எண்ணெயும் நீரும் ஒட்டாமல் பிறந்த சுவரொட்டி

1949ஆம் ஆண்டு ஆர்.கே.ஓ. என்னும் அமெரிக்கப் படநிறுவனம் வெளியிட்ட 'தி செட்-அப்' 72 நிமிடப் படம். கதைக்குள் கழியும் நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ராபர்ட் வைஸ் இயக்கிய இப்படத்தில் 35 வயதான ஸ்டோக்கர் தாம்சன் என்னும் குத்துச்சண்டை வீரன், தன் தோல்வியை மேலாளர் முன்னரே விலைபேசி முடித்துவிட்டதை அறியாமல் மேடையேறுகிறான். அந்த வேடத்தை ஏற்ற ராபர்ட் ராயன், கல்லூரி நாள்களில் மெய்யாகவே குத்துச்சண்டையில் வென்றவர். மேடையின் மேலிருந்து விழும் கடும் வெளிச்சத்தையும் அதைச் சூழ்ந்த இருளையும் கொண்டே களைப்பையும் வியர்வையையும் காட்டிய மில்டன் கிராஸ்னருக்கு, அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் ஒளிப்பதிவுக்கான பரிசு கிடைத்தது.

'ஃபிலிம் நுவார்' என்று பின்னாளில் பெயர்பெற்ற இத்தகைய குற்றப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டவை. ஆனால், மக்களைத் திரையரங்குக்கு அழைத்த சுவரொட்டிகளோ மஞ்சளும் சிவப்புமாக எரிந்தன. படநிறுவனம் தந்த கறுப்பு வெள்ளை நிழற்படங்களைப் பார்த்தே ஓவியர்கள் வரைந்தார்கள். கையுறையின் சிவப்பும் தோலின் மஞ்சளும் அவர்கள் மனத்தில் தோன்றிய நிறங்கள். அமெரிக்கச் சுவரொட்டிகளில் ஓவியரின் கையொப்பம் அரிதாகவே இருக்கும் என்பதால், மிகச் சிறந்த பல சுவரொட்டிகளை வரைந்த கைகள் யாருடையவை என்பதே மறைந்துபோயிற்று. இது எனக்குப் பெரும் இழப்பாகவே படுகிறது. இத்தாலியில் நிலைமை வேறு. ரோம் நகர ஓவியர் அன்செல்மோ பாலெஸ்டர் தம் பெயரைத் தெளிவாக எழுதினார். சண்டையில் வேண்டுமென்றே தோற்ற ஒரு முன்னாள் குத்துச்சண்டை வீரனைப் பற்றிய 'ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்' (1954) படத்தின் இத்தாலியச் சுவரொட்டியும் அவர் வரைந்ததே.

ஓர் ஓவியம் ஆயிரக்கணக்கான தாள்களாகப் பெருகிய விதத்தை அறிய, 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குச் செல்ல வேண்டும். தாம் எழுதிய நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழிதேடிய அலோய்ஸ் செனஃபெல்டர் என்பவர், ஜெர்மனியின் பவேரியா மாநிலத்திலுள்ள சோல்ன்ஹோஃபன் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக் கல்லில் அதைக் கண்டார். தமிழில் கல்லச்சு என்றும் பேச்சில் லித்தோ என்றும் வழங்கும் முறை அதுதான். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அமைதியான உப்புக் காயல்களில் படிந்த அந்தக் கல்லின் துகள்கள் மிக நுண்ணியவை. ஆதிப் பறவையான ஆர்க்கியாப்டெரிக்ஸின் இறகுத் தடம்கூட அதில் சிதையாமல் பதிந்திருக்கிறது; அப்பறவையின் அறிவியல் பெயரில் 'லித்தோகிராஃபிகா' என்ற சொல் சேர்ந்ததும் இந்தக் கல்லால்தான்.

மெழுகு, விலங்குக் கொழுப்பு, சோப்பு, விளக்குக் கரி ஆகியவற்றைச் சேர்த்துச் செய்த கோலால் ஓவியர் அந்தக் கல்லின் மேல் வரைகிறார். சோப்பிலும் கொழுப்பிலும் உள்ள கொழுப்பு அமிலங்கள், கல்லிலுள்ள கால்சியத்துடன் வினைபுரிந்து, நீரில் கரையாத கால்சியம் சோப்பாகக் கல்லின் மேற்பரப்பிலேயே பிணைந்துவிடுகின்றன. உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் கடின நீரில் குளிக்கும்போது சோப்பு நுரைக்காமல் வெண்மையாகத் திரிகிறதே, அந்தத் திரிவும் இதே பொருள்தான். பிறகு வேல மரப் பிசினில் சிறிது நைட்ரிக் அமிலம் கலந்து கல் முழுவதும் பூசுகிறார்கள். பிசின் வரையாத இடங்களில் மட்டும் படிந்து, அவற்றை நீரை விரும்பும் பரப்பாக மாற்றுகிறது. இப்போது கல்லை ஈரமாக்கி எண்ணெய் மையை உருளையால் தேய்த்தால், ஈரம் தங்கிய இடங்கள் மையைத் தள்ளிவிட, கோடுகள் மட்டும் அதை வாங்கிக்கொள்கின்றன. எழுத்தச்சில் மேடும் பள்ளமும் செய்யும் வேலையை, இங்கே ஒரே சமதளத்தில் எண்ணெய்க்கும் நீருக்கும் உள்ள பகை செய்துமுடிக்கிறது.

கல்லில் வரைபவர் எல்லாவற்றையும் இடவல மாற்றமாக வரைய வேண்டியிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவில் ஐரா ரூபெல் போன்றோர், மை முதலில் ரப்பர் போர்த்திய உருளைக்கு மாறி அங்கிருந்து தாளுக்கு இறங்கும் ஆஃப்செட் முறையை உருவாக்கினர். பிம்பம் இருமுறை திரும்புவதால் அச்சுத் தகட்டில் நேராகவே இருக்கலாம். ரப்பர் நெகிழ்ந்துகொடுப்பதால் சொரசொரப்பான மலிவுத் தாளிலும் மை சீராகப் படியும். கனத்த கல்லுக்குப் பதிலாக மெல்லிய துத்தநாகத் தகடும் அலுமினியத் தகடும் வந்தன. ஆயினும் வேதியியல் மாறவில்லை.

நிறம் ஒவ்வொன்றுக்கும் தனித் தகடு வேண்டும். அதே தாள் மஞ்சள், கருஞ்சிவப்பு (மெஜந்தா), நீலம், கறுப்பு என மீண்டும் மீண்டும் இயந்திரத்துக்குள் செல்லும். மஞ்சள் மை வெள்ளொளியிலிருந்து நீலத்தையும், கருஞ்சிவப்பு மை பச்சையையும் விழுங்கிவிடுவதால், இரண்டும் மேல்கீழாகப் படிந்த இடத்தில் எஞ்சுவது சிவப்பொளி மட்டுமே. தாள் சற்று நகர்ந்தாலும் வீரனின் உதடு தாடைக்கு இறங்கிவிடும் என்பதால், ஓரங்களில் குறிகள் இட்டு ஒவ்வொரு முறையும் ஒத்துப்பார்த்தார்கள்.

மையை நீர்த்து வெளிறச் செய்ய இம்முறையில் வழியில்லை. ஓர் இடத்தில் மை படியும், அல்லது படியாது. தாடைக்குக் கீழே மெல்லக் கவியும் நிழல் உண்மையில் சிறிதும் பெரிதுமான புள்ளிகளின் கூட்டம். நம் கண் ஏறத்தாழ ஒரு பாகையின் 60இல் ஒரு பங்குக்குக் குறைந்த கோணத்தில் நெருங்கிய இரு புள்ளிகளைப் பிரித்தறியாது. அங்குலத்துக்கு 65 புள்ளிகள் கொண்ட அச்சில் புள்ளிகளின் இடைவெளி 0.4 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒன்றரை மீட்டர் விலகி நின்றால் அவை கரைந்து தோலாகவும் நிழலாகவும் மாறிவிடும். 27 அங்குல அகலமும் 41 அங்குல உயரமும் கொண்ட அமெரிக்கச் சுவரொட்டியும், 100 செ.மீ. அகலமும் 140 செ.மீ. உயரமும் கொண்ட இத்தாலியச் சுவரொட்டியும் தெருவில் நடப்பவருக்காக அச்சிடப்பட்டவை. அருகே சென்று பார்ப்பவருக்கு அவை புள்ளிகளையே காட்டும்.

சில வாரங்களே சுவரில் இருக்க வேண்டிய தாளுக்கு நீண்ட ஆயுளை யாரும் திட்டமிடவில்லை. மலிவு மரக்கூழில் எஞ்சும் லிக்னின் என்னும் மரப்பொருள் ஒளியில் மஞ்சளாகிறது. மை ஊறாதிருக்கச் சேர்த்த படிகாரம் அமிலமாகி நார்களை அறுக்கிறது. கருஞ்சிவப்பு, மஞ்சள் மைகளின் கரிம மூலக்கூறுகள் ஒளியால் முதலில் உடைவதால், வெயில்பட்ட சுவரொட்டி நீலம் பூத்து வெளிறுகிறது. கரியால் ஆன கறுப்பு மட்டும் அசையாது நிற்கும்.

அமிலத்தைப் போக்கக் காப்பாளர்கள் தாளை நீரில் கழுவி, கால்சியம் சேர்ந்த கரைசலில் நனைக்கிறார்கள். உலர்ந்தபின் நார்களுக்கிடையே தங்கும் கால்சியம் கார்பனேட், இனி உருவாகும் அமிலத்தையும் ஈடுசெய்யும். பிறகு ஸ்டார்ச் பசையால் துணியின் மேல் ஒட்டுகிறார்கள். வேண்டும்போது ஈரமாக்கிப் பிரித்துவிடலாம். ஒவ்வொரு நிறத்தையும் ஓரத்தில் ஒரு துளி நீரால் சோதித்த பிறகே தாளைத் தொட்டியில் இறக்குவார்கள். பெரும்பாலும் எதுவும் கரைவதில்லை, ஏனெனில் மை எண்ணெயால் ஆனது.