கீரை மேலே, குழம்பு கீழே

மலேசியாவில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் ரோஜாக் என்ற காய்கறிக் கலவையைத் தாப்பாவ், அதாவது பார்சல், சொன்னால் கைக்கு வருவது இரண்டு பொட்டலம். ஒன்றில் நறுக்கிய வெள்ளரி, செங்குவாங் கிழங்கு, தாவு (சோயாக் கட்டி), பொரித்த வடை, அவித்த முட்டை. இன்னொன்றில், வாயை இறுக்கிக் கட்டிய சின்னப் பையில், சர்க்கரைவள்ளிக்கிழங்கும் மிளகாயும் போட்டுக் காய்ச்சிய குழம்பு. எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றிக் கொடுத்தால் அவருக்கு ஒரு பை மிச்சம். ஆனாலும் கடைக்காரர் அப்படிச் செய்வதில்லை. கேட்டால், "வீட்டுக்குப் போறதுக்குள்ள ஊறிடும்க்கா" என்பார். அவ்வளவுதான் விளக்கம்.

அந்த விளக்கத்தை நான் காதில் வாங்காத வாரத்தில்தான் முதன்முதலாகப் போத்தல் சாலட் செய்தேன். ஞாயிறு இரவு, கோலாலம்பூர் செந்தூல் வீட்டில், நான்கு கண்ணாடிப் போத்தல். லெட்டூஸ், வெள்ளரி, தக்காளி, கொண்டைக்கடலை எல்லாவற்றையும் எலுமிச்சைச் சாறு, உப்பு, எண்ணெய் விட்டுக் கிளறி, நிரப்பி, மூடி, ஐஸ் பெட்டியில் (ஃபிரிட்ஜில்) அடுக்கினேன். திங்கட்கிழமை சாப்பிட முடிந்தது. புதன்கிழமை மதியம் மஸ்ஜித் ஜாமெக் பக்கத்து அலுவலகத்தில் மூடியைத் திறந்தபோது அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர். இலைகள் வேகவைத்த கீரை போலப் போத்தலின் சுவரில் ஒட்டிக் கிடந்தன. பக்கத்து மேசைத் தோழி எட்டிப் பார்த்து, "இன்னைக்கு சூப்பா?" என்றாள்.

அந்தத் தண்ணீரை நான் ஊற்றவில்லை. அது காய்கறிக்குள் இருந்த தண்ணீர்.

'ஊறுதல்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். உலர்திராட்சை ஊறினால் தண்ணீர் உள்ளே போகிறது, பழம் உப்புகிறது. உப்புப் போட்ட வெள்ளரி ஊறினால் தண்ணீர் வெளியே வருகிறது, துண்டு துவள்கிறது. எதிரெதிர்த் திசை, ஆனால் தமிழில் ஒரே சொல். இயற்பியலிலும் இரண்டும் ஒரே நிகழ்ச்சிதான். பள்ளிப் பாடத்தில் அதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். 1748-இல் நோலே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் ஒரு குப்பியில் சாராயத்தை நிரப்பி, வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுக்கிக் கட்டித் தண்ணீருக்குள் வைத்தார். தண்ணீர் சவ்வைத் தாண்டிக் குப்பிக்குள் போய்க்கொண்டே இருந்தது, சவ்வு பலூன் போலப் புடைத்தது. தண்ணீர் தாராளமாகத் தாண்டும், கரைந்திருக்கும் பொருள் எளிதில் தாண்டாது. அப்படி ஒரு சவ்வு நடுவில் இருந்தால், எந்தப் பக்கம் கரைசல் அடர்த்தியோ அந்தப் பக்கம் தண்ணீர் போய்ச் சேரும்.

லெட்டூஸ் இலையின் எடையில் ஏறக்குறைய 95 விழுக்காடு தண்ணீர். வெள்ளரியும் அப்படியே. அந்தத் தண்ணீர் கோடிக்கணக்கான செல்களுக்குள், மெல்லிய சவ்வுப் பைகளில் அடைபட்டிருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் சாற்றில் சர்க்கரையும் தாது உப்புகளும் கரைந்திருப்பதால், வெளியே நல்ல தண்ணீர் இருந்தால் அது உள்ளே நுழைந்து செல்லைப் புடைக்க வைக்கும். சவ்வு விரிந்து செல்சுவரை அழுத்தும். காற்றடித்த சைக்கிள் டியூப் டயரை அழுத்துவது போலத்தான். இலையைக் கடிக்கும்போது 'நறுக்' என்று கேட்கிறதே, அது இந்த அழுத்தத்தில் இருக்கும் செல்கள் வெடிக்கும் சத்தம்.

இப்போது வெளியே உப்புக் கரைசல். லெட்டூஸ் செல்லின் சாறு, சவ்வூடு பரவல் கணக்கில், சுமார் 1 விழுக்காடு உப்புத் தண்ணீருக்குச் சமம். நாம் ஊற்றும் எலுமிச்சை-உப்புக் கலவையில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு உப்பு இருக்கும். தண்ணீர் வெளியேறத் தொடங்கும், செல் சுருங்கும், அழுத்தம் போய்விடும். வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு நடுத்தர வெள்ளரியை வட்டவட்டமாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி உப்பைத் தூவி, வடிகட்டியில் அரை மணி நேரம் விட்டேன். முதலில் துண்டுகளின் மேல் வேர்த்தது போல முத்து முத்தாகத் துளிகள் வந்தன. அப்புறம் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடின. கீழே வைத்த கிண்ணத்தில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர். ஒரு துண்டை எடுத்து மடித்தேன், ஒடியாமல் துணி போல மடங்கியது.

மாவடு போடும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. பிஞ்சு மாங்காயை உப்போடு ஜாடியில் குலுக்கி வைத்தால் சொட்டுத் தண்ணீர் விடாமலே சில நாளில் மாங்காய் தன் நீரிலேயே மிதக்கும். வெள்ளரிப் பச்சடிக்கு அம்மா பரிமாறும் நேரத்தில்தான் உப்புப் போடுவார். சீன-மலாய்க் கலப்புச் சமையலான நியோன்யாவில் அச்சார் ஊறுகாய் செய்பவர்கள் இதையே தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். வெள்ளரியை முதலிலேயே உப்பிட்டுப் பிழிந்து தண்ணீரைத் துரத்திவிட்டால், அப்புறம் மசாலாவில் அது நீர்த்துப்போகாது.

உப்பு மட்டும்தான் குற்றவாளி என்றில்லை. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் செல் சவ்வுக்குள் நுழைந்துவிடும். சவ்வு பழுதானால் உள்ளே இருப்பது தானாகவே ஒழுகும். பச்சை நிறமும் போகும். பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. அமிலம் பட்டால் அது கழன்று விழுந்து, நிறம் பாசிபிடித்த பழுப்புப் பச்சையாகிவிடும். எண்ணெயைப் பற்றி நான் தப்புக்கணக்கு போட்டிருந்தேன். எண்ணெய் பூசினால் இலைக்குப் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். இலையின் மேல்தோலில் மெழுகுப் பூச்சு இருக்கிறது. தண்ணீர் அதில் உருண்டு ஓடிவிடும், எண்ணெயோ ஒட்டிக்கொண்டு மெல்ல உள்ளே இறங்கி, செல்களுக்கு இடையில் இருக்கும் காற்றறைகளை நிரப்பும். எண்ணெய் பட்ட சாலட் இலை கறுத்து, ஈரத்துணி போலத் தெரிவது இதனால்தான்.

சரி, போத்தலுக்கு வருவோம். திருகுமூடிக் கண்ணாடிப் போத்தலுக்கு 1858-இல் அமெரிக்காவில் ஜான் மேசன் காப்புரிமை வாங்கினார். அதில் வீடுகளில் அடைத்து வைத்தது ஊறுகாய், பழப்பாகு போன்றவற்றை. ஊறவே கூடாத ஒன்றை அதே போத்தலில் நாம் அடைக்கிறோம். அதற்கு ஒரே வழி, குழம்பையும் இலையையும் போத்தலின் இரண்டு முனைகளில் வைப்பது. ரோஜாக்காரரின் இரண்டு பையை ஒரே பாத்திரத்துக்குள் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான்.

அடியில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி குழம்பு. அதன்மேல், ஊறினால் கெடாத, சொல்லப்போனால் ஊறினால் ருசி கூடுகிற சாமான்கள்: கேரட், முள்ளங்கி, வெங்காயம், அவித்த கொண்டைக்கடலை. கேரட் அமிலத்தில் கிடந்தாலும் குழைவதில்லை. செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் என்ற பசை புளிப்பில் எளிதில் கரையாது. புளி ஊற்றியபின் காய் வேக அடம்பிடிக்கிறதே, அதே சங்கதி. கடலை கரைசலைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் உருக்குலையாது. இந்த அடுக்கு உண்மையில் ஓர் அணை. இரண்டு விரல் உயரத்துக்காவது நெருக்கமாக இருந்தால்தான் அதற்கு மேலே இருப்பவை தப்பிக்கும். அப்புறம் சோளம், பொரித்த தாவு, முழுசாக விட்ட குட்டித் தக்காளி. நறுக்கிய தக்காளியும் வெள்ளரியும் போத்தலுக்குள் எங்கே வைத்தாலும் தொல்லை, அவற்றின் வெட்டுவாயிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே இலை.

இந்த ஏற்பாட்டை ஒரு எல்ஆர்டி ரயில் பயணம் கவிழ்த்துவிடும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். காலை எட்டு மணிக் கூட்டத்தில் பையைக் கிடையாகப் பிடித்தால் எலுமிச்சைச் சாறு நேராக மூடிவரை ஓடிவரும். தயிர் அல்லது அரைத்த நிலக்கடலையில் செய்த கெட்டிக் குழம்பு அவ்வளவு வேகமாக நகராது. அதுவும் போக, போத்தலை வழிய வழிய நிரப்பினால் பொருள்கள் இடம் மாற வழியில்லை. நான் இப்போது எலுமிச்சைச் சாற்றை விட்டுவிட்டு, வறுத்த நிலக்கடலையும் லிமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சையின் சாறும் சேர்த்து அரைத்த விழுதுக்கு மாறிவிட்டேன்.

கடலை என்றதும் ஒன்று. வறுத்த முழு நிலக்கடலை, வறுத்த நெத்திலி, அப்பளம் மாதிரி சாமான்களை இந்தப் போத்தலில் எந்த அடுக்கிலும் போடக் கூடாது. தமிழில் நறுக்நறுக் வேறு, மொறுமொறு வேறு. இலை நறுக்கென்று இருப்பது உள்ளே தண்ணீர் இருப்பதால். நெத்திலி மொறுமொறுவென்று இருப்பது உள்ளே தண்ணீர் இல்லாததால். மூடிய போத்தலுக்குள் இருக்கும் காற்று ஈரத்தில் தோய்ந்திருக்கும். அந்த ஈரம் இலைக்கு நல்லது, நெத்திலிக்கு எமன்.

ஆனால் இலையின் மேல் தண்ணீராகத் தேங்கும் ஈரம் இலைக்கும் ஆகாது. அழுக வைக்கும் பாக்டீரியாவுக்கு அந்த ஈரப் படலம் போதும். கேமரன் மலையிலிருந்து வரும் லெட்டூஸைக் கழுவாமல் விட முடியாது, கழுவினால் ஈரம். நான் பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டி, குளியலறையில் நின்று நாலு சுற்றுச் சுற்றுகிறேன். சுவரெல்லாம் தண்ணீர் தெறிக்கும், இலை காய்ந்துவிடும். அதேபோல, அவித்த கடலை ஆறுவதற்கு முன் போத்தலில் கொட்டினால் ஆவி மேலே போய் மூடியில் குளிர்ந்து இலைமேல் மழையாகச் சொட்டும்.

அப்புறம் நிறம். லெட்டூஸின் வெட்டு விளிம்பு இரண்டாம் நாள் பழுப்பாகிறது. கத்தி பட்ட இடத்தில் செல் உடைந்து, தனித்தனி அறைகளில் இருந்த பீனால் பொருள்களும் ஒரு நொதியும் சந்திக்கின்றன. காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்தால் பழுப்பு நிறமி பிறக்கிறது. வாழைப்பூவை நறுக்கியதும் கறுக்கிறதே, அதுவும் இந்த நொதியின் வேலைதான். அதற்காகத்தான் நறுக்க நறுக்க மோரில் போடுகிறோம், புளிப்பில் நொதி முடங்கிப்போகிறது. சாலட் இலையை மோரில் போட முடியாது. வெட்டுவதைக் குறைக்கலாம், ஆக்சிஜனைக் குறைக்கலாம். பறித்த இலை செத்துப்போன இலை அல்ல, அது ஐஸ் பெட்டிக்குள்ளும் மூச்சு விடுகிறது. நெருக்கமாக நிரப்பிய போத்தலில் இருக்கும் கொஞ்சக் காற்றில் ஆக்சிஜன் மெல்லக் குறைந்து கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) ஏறும், பழுப்பாவது தாமதமாகும். பாதி நிரப்பிய போத்தல் சீக்கிரம் கெடுவதற்கு இது ஒரு காரணம்.

வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் இலையின் மூச்சு வேகம் இரண்டு மூன்று மடங்காகும். கிருமிகளும் அதே அவசரத்தில் பெருகும். இந்த இடத்தில்தான் கோலாலம்பூரில் இருப்பவர்கள் வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளை அப்படியே நம்பக் கூடாது. சமைத்த, நறுக்கிய உணவை வெளியே 2 மணி நேரம் வைக்கலாம் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி. அதே விதியின் அடுத்த வரி, வெளியே 32 டிகிரிக்கு மேல் இருந்தால் 1 மணி நேரம்தான் என்கிறது. நம் ஊரில் மதியம் என்றாலே 32, 33. திருகுமூடி காற்றை நிறுத்துகிறது, வெப்பத்தை நிறுத்தவில்லை. ஆகவே பையில் ஒரு ஐஸ் கட்டிப் பொட்டலம், அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் ஐஸ் பெட்டியின் உள்தட்டு. கதவுத் தட்டு வேண்டாம், ஆளாளுக்குத் திறந்து மூடுவதால் அங்கேதான் சூடு அதிகம். பின்சுவரில் ஒட்டியும் வைக்கக் கூடாது. உறைந்தால் பனித்துகள் செல் சவ்வைக் குத்திக் கிழித்துவிடும், இலை கண்ணாடி போலத் தெரியும்.

தௌகே என்ற பயறு முளை, வெந்தய முளை இவற்றைப் பச்சையாகப் போடுவதை நான் நிறுத்திவிட்டேன். முளைகட்ட வைக்கும் அதே ஈரமும் சூடும் கிருமிக்கும் தொட்டில். 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளையோடு பரவிய ஈ.கோலி கிருமியால் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். கொதிநீரில் முக்கி எடுத்து, ஆறவைத்துப் போடலாம். லிஸ்டீரியா என்று இன்னொரு கிருமி, அது 4 டிகிரியிலும் நிற்காது, நிதானமாக வளரும். அதனால்தான் ஐஸ் பெட்டியிலேயே இருந்தாலும் அவித்த கடலை, முட்டை சேர்ந்த சாலடுக்கு 3 அல்லது 4 நாள் என்று எல்லை வைக்கிறார்கள். மூக்கில் வைத்துப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நோய் தரும் கிருமி நாற்றம் தரவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஞாயிறு இரவு செய்தால், திங்கள், செவ்வாய், புதன், வியாழன். வியாழன் போத்தலில் முட்டை கிடையாது, கடலையும் நன்றாக வெந்து ஆறியதாக இருக்கும். மதியம் தட்டில் கவிழ்க்கும்போது இலை முதலில் விழுந்து மெத்தை போலப் பரவும், அதன்மேல் தாவு, கேரட், கடைசியில் குழம்பு தானாக வழியும். வெள்ளிக்கிழமைக்கு நான் போத்தல் நிரப்புவதில்லை. அன்றைக்கு வாழையிலைச் சாப்பாடு, தோழியும் வருவாள்.