அந்தப் பழைய கிதாருக்கு இரும்புக் கம்பி வேண்டாம்

போன மாதம் என் பட்டறைக்கு ஒரு கிதார் வந்தது. இடுப்பு ஒடுங்கிய சின்ன உடம்பு. உள்ளே செய்தவர் பெயர் சொல்லும் சீட்டு எதுவும் இல்லை. வேலைப்பாட்டைப் பார்த்தால் பிரான்சின் மிர்கூர் ஊரில், 1830 வாக்கில் செய்தது போலத் தெரிந்தது. யாரோ அதில் பளபளவென்று இரும்புக் கம்பி கட்டியிருந்தார்கள். தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பாதி பெயர்ந்து, அதன் பின்னால் மேல்பலகை தொப்பை போட்டிருந்தது.

இப்படி வருவது இது முதல் தடவை இல்லை. பாரிஸில் லகோத், வியன்னாவில் ஸ்டாஃபர், லண்டனில் பனோர்மோ போன்றவர்கள் கிதார் செய்த காலத்தில் மெல்லிய மூன்று தந்திகளும் விலங்குக் குடலில் திரித்த நரம்பு. தடித்த மூன்றும் பட்டு நூலின்மேல் மெல்லிய உலோகக் கம்பி சுற்றியவை. மேல்பலகையின் தடிமன் 2 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். பெரும்பாலானவற்றில் அதைத் தாங்க அடியில் சில குறுக்குச் சட்டங்கள், அவ்வளவுதான். பனோர்மோ மட்டும் விசிறி மாதிரி சட்டங்களைப் பரப்புவார். 'ஸ்பானிய முறையில் கிதார் செய்பவர் இவர் ஒருவரே' என்று சீட்டிலேயே அச்சடித்துக்கொண்டவர். மிடுக்கான ஆள்!

இன்றைய நைலான் செட்டே ஏறக்குறைய 40 கிலோ இழுக்கும். சாதாரண இரும்புக் கம்பி செட் 70 கிலோவைத் தொடும். நைலானுக்கும் குறைந்த இழுப்பை மனதில் வைத்துச் செய்த பலகை இதை எப்படித் தாங்கும்? மார்ட்டின் என்ற அமெரிக்க கிதார் நிறுவனத்தின் பெயரைப் பார்த்துத் தைரியமாக இரும்பு கட்டுகிறவர்களும் உண்டு. அதைத் தொடங்கிய மார்ட்டின் 1833இல் நியூயார்க்குக்குக் கப்பலேறியவர். அவர் செய்ததும் குடல் நரம்புக் கிதார்தான். இரும்புக் கம்பி அந்த நிறுவனத்தில் வழக்கமானது 1920களில்.

இரும்பைவிட எனக்குக் கோபம் வருவது எபாக்ஸி என்ற ரசாயனப் பசையைப் பார்த்தால். அந்தக் கைவினைஞர்கள் ஒட்டியது வஜ்ஜிரத்தால், அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சிய பசை. கொஞ்சம் சூடும் ஈரமும் காட்டினால் இளகும். பிரித்துச் சரிசெய்து மறுபடி ஒட்டலாம். எபாக்ஸி போட்ட இணைப்பைப் பிரிக்கப் போனால் மரமே சிதறுகிறது. ஸ்டாஃபர் பாணிக் கிதாரின் கழுத்தடியில் ஒரு திருகு இருக்கும். கடிகாரச் சாவி மாதிரி ஒன்றை விட்டுத் திருப்பினால் கழுத்தின் சாய்வு மாறும், தந்தி உயரம் சரியாகும். அதைத் தெரியாமல், கழுத்து ஆடுகிறதே என்று பசையை ஊற்றி அடைத்த ஒரு கிதாரைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் இரும்புக் கம்பியை உடனே தளர்த்திவிடுங்கள். ஒரே தந்தியை முழுசாகக் கழற்றாமல், ஆறையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். பாலிஷ் போடாதீர்கள். உள்ளே ஒட்டிய சீட்டை, கிழிந்திருந்தாலும், தொடாதீர்கள். பெயர்ந்து விழுந்த துண்டு எவ்வளவு சின்னதானாலும் ஒரு காகித உறையில் போட்டு வையுங்கள்.

மிர்கூர் கிதார் ஆறு வாரத்தில் எழுந்து உட்கார்ந்தது. வஜ்ஜிரம் வைத்து பிரிட்ஜை ஒட்டி, குடல் நரம்பு கட்டிக் கொடுத்தேன். வாங்கிப் போனவர் மறுநாள் போன் செய்தார். சத்தம் போதவில்லையாம்.